பி.டி.கே. மையம்: வீட்டுக்கு வரும் சேவையைக் கேட்டு வாங்குங்கள்

காலையில் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வுப் பயிற்சித் திட்டம் சிறுபிள்ளைகளுக்கானது என்றே தோட்டத்தில் பலர் முடிவுகட்டி விட்டார்கள். மலேசிய சமூக நல இலாகாவின் இந்தத் திட்டம் 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி, இன்று 500-க்கும் மேற்பட்ட மையங்களாகப் பரவியிருக்கிறது. மையத்துக்குப் போய்ப் பழகலாம், வீட்டிலேயே பழகலாம், இரண்டும் கலந்தும் பழகலாம். வட பேராக்கில் செம்பனைக்கு நடுவே உள்ள எங்கள் டவுனில் கவனிக்க வேண்டியது வீட்டுக்கு வரும் சேவை. சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் அதுதான் உதவும்.

மையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல் துலக்குவது, சட்டை போடுவது, காசு எண்ணுவது என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். வந்து பழகுபவர்களுக்கு மாத அலவன்ஸ் உண்டு. பிள்ளைகளுக்கு நல்ல இடம். பாஷைதான் சிக்கல்: சிக்குமார்களில், அதாவது பயிற்சி தரும் ஊழியர்களில், தமிழ் தெரிந்தவர் குறைவு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் சில வாரங்கள் திணறும். தண்ணீர், கக்கூஸ், வலி, பசி ஆகிய நான்குக்குமான தமிழ்ச் சொற்களை மலாய் (ரோமன்) எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் சிக்கு நன்றாக வேலை செய்கிறாரா என்று அறிய ஒரு சோதனை போதும். வந்தவர் அளவு நாடாவை எடுக்கிறாரா, இல்லை ஹாலில் உட்கார்ந்து கை கால் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறாரா? எங்கள் மையத்தில் இரண்டு ரகமும் உண்டு. அளக்காதவரிடம் நீங்களே நாடாவை நீட்டுங்கள்.

முதலில் அளக்க வேண்டியது வாசற்படி. பழைய லயத்து வரிசை வீட்டுப் படி 8 அங்குலம் என்றால் சரிவுப் பாதை 8 அடி நீளம் வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி, அதுதான் கணக்கு. இடம் இல்லையென்று 4 அடிப் பலகையைச் சாய்த்து வைப்பதைத்தான் எங்கும் பார்க்கலாம். ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும், மழை பெய்தால் வழுக்கும். சிமெண்டில் போடுங்கள். ஈரம் காயும் முன் விளக்குமாற்றைக் குறுக்கே இழுத்தால் டயருக்குப் பிடி கிடைக்கும். இரு ஓரங்களிலும் 2 அங்குல வரம்பு கட்ட மறந்தால் முன்சக்கரம் வெளியே இறங்கிவிடும்.

அடுத்து குளியலறை. பெரும்பாலான சிக்கல் இங்கேதான். 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண சக்கர நாற்காலியின் மொத்த அகலம் ஏறக்குறைய 25 அங்குலம். வாசல் 24 அங்குலம் என்றால் உள்ளே நுழையாது. கதவைக் கழற்றித் திரை போட்டாலே ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். அதுவும் போதாதென்றால் குளிக்கும் நாற்காலி தனியாக வேண்டும். கைப்பிடிக் கம்பியைப் பலகைச் சுவரில் வெறும் திருகாணியால் முடுக்கினால், முழு எடையையும் போட்டு எழும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சுவரின் கீழ்ப்பாதியில் உள்ள செங்கல்லில் பொருத்துங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடுங்கள்.

கால் எடுத்தவர்களுக்கு இந்தச் சேவை சொல்லித் தருவதில் உருப்படியானது ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால் மிச்சக் காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. சொகமாக இருக்கட்டும் என்று வீட்டார் வைப்பார்கள். முட்டி மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு செயற்கைக் கால் பொருந்தாது. நாற்காலியில் உட்காரும்போது ஒரு பலகையின் மேல் காலை நீட்டி வைக்க வேண்டும். கட்டுத்துணியை எட்டு வடிவில் சுற்றி, நுனியில் இறுக்கி, மேலே போகப் போகத் தளர்த்த வேண்டும். தலைகீழாகச் செய்தால் நுனி வீங்கும்.

பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவருக்குச் சமையல் கட்டாயம் சொல்லித் தரச் சொல்லுங்கள். வெட்டும் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டை அடியிலிருந்து அடித்து, மேலே நீட்டிய முனையில் வெங்காயத்தைக் குத்தி வைத்தால் ஒரே கையால் நறுக்கலாம். சட்டியோ கிண்ணமோ நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். “அவரால முடியாதுங்க சிக்கு, நானே ஊட்டி விட்டுடறேன்” என்று குறுக்கே வரும் மனைவிமார்களை அந்த நேரத்துக்கு அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, வேண்டும். பதிவு இலவசம். பாரத்தில் டாக்டர் நிரப்பும் பகுதியில் கையெழுத்தும் முத்திரையும் இரண்டும் இருக்கின்றனவா என்று கிளினிக்கிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் திரும்பி வரும். கார்டு வந்துவிட்டால் பணம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள், உதவித்தொகைக்குத் தனி மனு. 2021 பட்ஜெட்டில் வேலை செய்ய இயலாதவருக்கான தொகை மாதம் 300 வெள்ளியாகவும் (ரிங்கிட்), குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்கு 450 வெள்ளியாகவும் உயர்ந்தது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். குடியுரிமை இல்லாதவருக்கு இந்தத் தொகை கிடையாது. அடையாளக் கார்டு சிக்கல் இன்னும் தீராத குடும்பங்கள் தோட்டத்தில் இருக்கும்போது, இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுதான்.

இலவசமாகக் கிடைக்கும் சக்கர நாற்காலியை வாங்கும் முன் முன்சக்கரத்தைப் பாருங்கள். மெல்லிய, கெட்டி ரப்பர் சக்கரம் ஆஸ்பத்திரித் தரைக்குச் சரி. தோட்டத்துச் செம்மண்ணில் புதையும். அகலமான காற்றுச் சக்கரம் உள்ளதைக் கேளுங்கள். காற்று டயர் என்றால் வாரம் ஒரு முறை பம்ப் அடிக்க வேண்டும், ஏனென்றால் பிரேக் டயரைத்தான் அழுத்திப் பிடிக்கிறது. காற்று இறங்கினால் பிரேக் போட்டும் வண்டி நகரும், கட்டிலிலிருந்து மாறி உட்காருபவர் தரையில் விழுவார்.