சுங்கை சிப்புட்டில் வாங்கிய நாட்டுக்கோழிகள்

பட்டணத்துக் கோழித்தீனிக் கடையில் பத்து நாட்டுக்கோழி வாங்கி ஏழு மாதமாகிறது, எட்டு உயிரோடு இருக்கின்றன. செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பகலில் உடும்பு, ராத்திரியில் மூசாங் என்ற மரநாய், இடையில் மலைப்பாம்பு வேறு.

போன வருடம் இதே கடையில் "திறந்துவிட்டே வளர்க்கலாம்" என்று சில்க்கி என்ற பஞ்சு இறகுக் கோழி இனத்தில் நான்கு வெள்ளைக் கோழிகள் கொடுத்தார்கள், ஒரே மாதத்தில் நான்கும் போய்விட்டன. சில்க்கியின் இறகு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது, பஞ்சு மாதிரி பிரிந்தே இருக்கும், அதனால் பறக்க முடியாது. தலையிலுள்ள இறகுக் கொண்டை வேறு கண்ணை மறைக்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

நாட்டுக்கோழி அப்படியில்லை, காட்டுக்கோழி ரத்தம் இன்னும் அதில் ஓடுகிறது. பருந்து வந்தால் சேவல் ஒரு குரல் கொடுக்கும், தரையில் ஏதாவது ஊர்ந்தால் வேறு குரல். ஒருநாள் பார்த்தேன், அந்த முதல் குரல் கேட்டதும் பழுப்புப் பெட்டை லாலாங் புல்லுக்குள் அப்படியே படுத்துவிட்டது, குஞ்செல்லாம் இறக்கைக்கடியில், நிழல் தாண்டிப் போகும்வரை ஓர் அசைவு இல்லை. மண்ணா கோழியா என்று எனக்கே தெரியவில்லை!

சாயங்காலமானால் ரம்புத்தான் மரத்தில் ஏறிவிடும். ஆனால் மூசாங்கும் மரம் ஏறும், இரண்டு போனது அப்படித்தான். அப்புறம் இருட்டுமுன் கூண்டில் அடைக்கிறேன்.

கோழி தரமானது, தாராளமாக வாங்கலாம். பழுப்பு, கறுப்பு நிறமாகக் கேட்டு வாங்குங்கள், வெள்ளை தூரத்திலேயே கண்ணில் படும்.