சாரல் காலத்திலும் கைவிடாத கலைப்பு: சீட்டு கண்ட்ரோல், ஒரு நீண்ட நாள் அனுபவம்

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கலைப்பது மாதிரிக் காட்டிக்கொண்டே ஒரு சீட்டை நினைத்த இடத்தில் நிறுத்தும் முறைகளில், எங்கள் புளியரைப் பக்கம் வருடக்கணக்காகத் தாக்குப்பிடித்தது இந்து ஷஃபிள் மட்டும்தான். ஓவர்ஹேண்ட் இதைவிட வல்லமை கூடியது, ஆனால் சாரல் விழுந்தால் காலை வாரும். ரிஃபிளை ஆசைக்கு வைத்திருக்கிறேன். ஃபாரோவைப் பங்குனி வெயிலில் மட்டும் தொடுகிறேன். நாலுமே கலைக்கும் முறைகளின் பெயர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறும் சாலையில் எனக்குப் பங்ச்சர் கடை. 2017-ல் ஜிஎஸ்டி வந்து வரி செக்போஸ்ட் போன பிறகு லாரி வரிசை குறைந்தாலும், டயர் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள்தான் என் பார்வையாளர்கள். தமிழ் டிரைவர் என்றால் ரம்மி, புனலூர், கொட்டாரக்கரைக்காரர் என்றால் 28 என்ற கேரளச் சீட்டாட்டம். அதாவது சீட்டைத் தினமும் கலைக்கிற கைகள். கல்யாண வீட்டுக் கூட்டத்தை ஏமாற்றுவதற்கும் இவர்களை ஏமாற்றுவதற்கும் நிறைய தூரம். இந்த மதிப்பீடு முழுக்க அந்தக் கண்களுக்கு முன்னால் கிடைத்தது.

ஓவர்ஹேண்டிலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் படிப்பது அதுதான். வலது கையில் கட்டைப் பிடித்து, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இடது கையில் வழித்துப் போடுவது. 1902-ல் எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் சிகாகோவில் அச்சான புத்தகத்தில் விவரித்த இன்ஜாக்தான், அதாவது ஒரு சீட்டை நம் பக்கமாகத் துருத்தி வைப்பதுதான், இன்றைக்கும் அடிப்படை. பார்வையாளர் எடுத்துப் பார்த்த சீட்டை இடது கைக் கட்டின் மேல் வைக்கிறார். அதற்கு மேல் விழும் முதல் சீட்டு மட்டும் நம் வயிற்றுப் பக்கம் கால் அங்குலம் துருத்தி நிற்க வேண்டும். வலது கையை ஒரு நூல் உள்ளே இழுத்துக்கொண்டே கட்டைவிரலால் வழித்தால் அது தானாக நிற்கும். மிச்சத்தை மேலே கலைத்துப் போட்டுவிட்டு, துருத்திய சீட்டைக் கட்டைவிரல் நுனியால் மேலே நெம்பி, அதற்குக் கீழே இருப்பதை மொத்தமாக எடுத்து மேலே போட்டால் நம்ம சீட்டு உச்சியில். ஒன்றைத் துருத்திவிட்டு மற்றதையெல்லாம் அச்சுப்பிசகாமல் அடுக்கினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் மொத்தக் கலைப்பையுமே கொஞ்சம் அலங்கோலமாகப் போட வேண்டும். ரப்பர் சொல்யூஷனும் கிரீஸும் பட்டுக் காய்த்துப்போன என் விரலுக்கு அந்தக் கால் அங்குலம் தட்டுப்படவே வெகு நாளானது. நகத்தை ஒட்டிய ஓரத்தால் தேடினால் தெரிகிறது, சதைப்பகுதியால் தேடினால் தெரிவதில்லை.

இந்த முறையின் அருமை, சீட்டை உச்சிக்கு மட்டுமல்ல, எண்ணிய இடத்துக்கும் அனுப்பலாம் என்பதில் இருக்கிறது. உச்சியில் இருப்பது ஏழாவதாக வர வேண்டுமா? பாதிக் கட்டை அடியிலிருந்து உருவி, ஒவ்வொன்றாக ஆறு சீட்டை அதன்மேல் ஓட்டி, அடுத்ததை இன்ஜாக் செய்து, மிச்சத்தைக் கலைத்து, ஜாக்கில், அதாவது அந்தத் துருத்திய சீட்டில், வெட்டினால் போதும். அந்த ‘ஒவ்வொன்றாக’ என்பதில்தான் ஆனி, ஆடி மாதங்களில் வம்பு வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் இங்கே உப்பு ஜாடி கசிகிறது, காகிதச் சீட்டும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. லேசாக உப்பி, கிண்ணம் மாதிரி வளைந்து, இரண்டு சீட்டு ஒன்றாக வழிந்துவிடும். ஆறு என்று நாம் ஓட்டுவது ஏழாகிவிடும். ஏழாவதைத் திருப்பச் சொன்னால் வேறு சீட்டு வருகிறது, நம்மாளோ எட்டாவதில் குந்தியிருக்கிறார்.

பைசைக்கிள் மாதிரி ஏர்குஷன் பூச்சுள்ள கட்டுகள், மேல்பரப்பில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளால், கொஞ்சம் கூடுதல் நாள் தாங்குகின்றன. ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு சோப்பு டப்பாவில் அடைத்து வைத்தால் சாரலிலும் அரை நாள் ஓடும். டால்கம் பவுடர் தடவச் சொல்வார்கள், வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து திட்டுத்திட்டாகி நிலைமை இன்னும் மோசமாகிறது. நான் சாரல் காலத்தில் நாலுக்கு மேல் ஓட்டுவதில்லை. வழிக்கும்போது காதையும் கொடுக்கிறேன், ஒற்றைச் சீட்டு விழும் ஓசையும் இரட்டை விழும் ஓசையும் வேறு வேறு.

அப்படியானால் முழு பிளாஸ்டிக் சீட்டு? தண்ணீரில் கழுவி எடுக்கலாம், உண்மைதான். ஆனால் வழுக்கல் அதிகம். கை நடுங்கினால் ஜாக் தானாக உள்ளே போய்விடும். அடியில் ஒரு சீட்டை லேசாக மடக்கி அடையாளம் வைத்தால், உள்ளங்கையை எடுப்பதற்குள் நிமிர்ந்துகொள்ளும். டிரைவர்கள் லாரி டேஷ்போர்டில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். அவர்கள் கட்டிலேயே செய்துகாட்டினால்தான் மதிப்பு என்பதால், ஓவர்ஹேண்டை நம்பி அங்கே உட்கார முடியாது.

இனி இந்து ஷஃபிள். மேஜிக்காரர்கள் இதைப் பெரிய நுணுக்கமாகச் சொல்வார்கள், நம் ஊரில் ரம்மி ஆடுகிறவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் கலைக்கிறார்கள். கட்டின் நீளவாட்டு ஓரங்களை வலது கைக் கட்டைவிரலும் நடுவிரலும் பிடித்திருக்க, இடது கை நுனியிலிருந்து கொத்துக் கொத்தாக உருவித் தன் உள்ளங்கையில் போட்டுக்கொள்ளும். எங்கள் பக்கம் இதன் பலமே அதுதான். ஓவர்ஹேண்டில் ஜாக் வைத்தபோது கடையநல்லூர் டிரைவர் ஒருவர் சிரித்தார்: “வே, கையில என்ன குத்துதா? கலைக்கிற மாதிரி கலையும்.” அதே ஆள் முன்னால் இந்து ஷஃபிளில் செய்தபோது டீ வந்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கத் தோன்றாத அளவுக்குப் பழகின கலைப்பு.

சீட்டை நினைத்த இடத்துக்குக் கொண்டுவரும் கண்ட்ரோல் இதுதான். பாதி உருவியதும் நிறுத்தி, இடது கைக் கட்டின் மேல் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கொத்தை உருவ வலது கை அதன் மேலே வரும்போது, கட்டைவிரலும் மோதிர விரலும் அந்தச் சீட்டோடு சேர்த்துச் சின்னக் கொத்து ஒன்றைக் கவ்வி, வலது கட்டின் அடியில் ஒரு பிளவோடு தொங்கவிட்டுக்கொள்ளும். பிறகு வழக்கம்போல மேலிருந்து உருவிக்கொண்டே வந்து, பிளவு வந்ததும் அந்தக் கொத்தை அப்படியே மேலே போட்டால் சீட்டு உச்சிக்கு வந்துவிட்டது. ஒற்றைச் சீட்டு எண்ணும் வேலையே கிடையாது, எல்லாம் கொத்துதான். அதனால் ஈரம் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், காகிதமோ பிளாஸ்டிக்கோ, விளைவு ஒன்றே.

குறை இல்லாமல் இல்லை. பிளவு பின்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். கடை வாசலில் ஆட்கள் வட்டமாக நிற்பார்கள். அதனால் நான் எப்போதும் டயர் அடுக்குக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவேன். இன்னொன்று, இது உச்சிக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். ஐந்தாவது, ஏழாவது என்றெல்லாம் கேட்டால் ஓவர்ஹேண்டைத்தான் கூப்பிட வேண்டும். வெயில் நாளில் இரண்டையும் கலந்து செய்கிறேன்: இந்து ஷஃபிளில் உச்சிக்கு ஏற்றி, சந்தேகம் அடங்கிய பிறகு ஓவர்ஹேண்டில் எண்ணி இறக்குவது.

ரிஃபிளில் சொல்ல அதிகமில்லை. கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைக் கட்டைவிரலால் சடசடவென விட்டு ஒன்றுக்குள் ஒன்று விழவிடுவது. மேல் பாதியின் உச்சிச் சீட்டுகளைக் கடைசியாக விழவிட்டால் உச்சி கலையாது. 52 சீட்டு உண்மையிலேயே கலைய 7 ரிஃபிள் வேண்டும் என்று 1992-ல் காட்டியவர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும். அந்த டயகோனிஸ் பதினான்கு வயதில் வீட்டை விட்டு டாய் வெர்னான் என்ற மேஜிக்காரர் பின்னால் போனவர். ஆனால் எங்கள் ஊர்க் கடை பெஞ்சில் ரிஃபிள் செய்தால் “கிளப்புல ஆடுற ஆளோ?” என்ற பார்வை வந்துவிடுகிறது. அது வந்தபின் எதைச் செய்தாலும் எடுபடாது.

ஃபாரோ வேறு ரகம். கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னுவது. உச்சிச் சீட்டு உச்சியிலேயே நின்றால் அவுட், இரண்டாவதாக இறங்கினால் இன். பிசகில்லாமல் 8 அவுட் செய்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே திரும்பும். 28 ஆட்டத்துக்கு ஏழு முதல் ஏஸ் வரை பிரித்த 32 சீட்டுக்கு 5 போதும். புனலூர்க்காரர்கள் கட்டில் இதைச் செய்துபார்த்த நாளில் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. உச்சிச் சீட்டைப் பதினோராவது இடத்துக்கு அனுப்ப இன், அவுட், இன், அவுட். அதற்கு மேலே பத்துச் சீட்டு வேண்டும், பத்தை இரும எண்ணில் 1010 என்று எழுதி ஒன்றுக்கு இன், பூஜ்யத்துக்கு அவுட் என்று படிப்பது மேஜிக்காரர் அலெக்ஸ் எல்ம்ஸ்லி கண்ட வழி. கணக்கு அழகு. ஆனால் ஓரம் உப்பிய சீட்டு பின்னிக்கொள்ளாது, ஆலையில் சீட்டின் ஓரத்தை எந்தப் பக்கத்திலிருந்து கத்தரித்தார்கள் என்பதைப் பொறுத்து மேலிருந்தா, அடியிலிருந்தா பின்னுவது என்பதும் மாறும். நாலும் பிசகில்லாமல் விழ, காய்ந்த வெயிலும் புதுக் கட்டும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொல்லை உண்டு. பழைய கேரள மேஜிக்காரர் வாழக்குன்னம் நம்பூதிரியின் பெயரைக் கேட்டு வளர்ந்த, கழக்கூட்டத்தில் மேஜிக்காரர் முதுகாடு கட்டிய மேஜிக் பிளானட் என்ற மேஜிக் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த மலையாளிகள் சும்மா விடமாட்டார்கள். “ஒன்னூடெ கசக்கு அண்ணாச்சி” என்பார்கள், இன்னொரு தடவை கலை என்று அர்த்தம். கலைத்தால் சரி, கலைத்தபின் கையை நீட்டி வெட்டிவிடுவார்கள். வெட்டு என்பது ஆட்டத்தின் முறை, மறுக்க முடியாது. அதற்கு நான் வைத்திருப்பது, சீட்டை உச்சிக்குக் கொண்டுவந்த கையோடு அடிச்சீட்டின் மூலையில் லேசாக ஒரு வளைவு. வெட்டியபின் வளைந்த சீட்டு நம்ம சீட்டுக்கு நேர் மேலே போய் உட்காரும். அந்த வளைவுக்குக் கீழே இருப்பதைத் தூக்கி மேலே போட்டால் சீட்டு மறுபடி உச்சியில். காகிதக் கட்டில் மட்டும் நடக்கும். பிளாஸ்டிக் என்றால் அடிச்சீட்டு எது என்று முன்பே ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வேன். வெட்டியபின் கட்டை விரித்துப் போட்டால் அதற்கு அடுத்திருப்பதுதான் அவர்கள் சீட்டு.

காசு வைத்து ஆடும் பெஞ்சில் நான் உட்காருவதில்லை. இந்தக் கை தெரிந்தவன் என்று ஊருக்கே தெரியும், கூப்பிடுகிறவர்களும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது ஓவர்ஹேண்டிலிருந்துதான் தொடங்குகிறேன், சின்னக் கைக்கு இந்து ஷஃபிளின் பிளவு அடங்காது. அதற்காகவே அகலம் குறைந்த பிரிட்ஜ் அளவுக் கட்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கையாலேயே கற்றுக்கொள்ள நினைக்கும் பெரியவர்கள், கடையில் கிடைக்கும் சாதா காகிதக் கட்டில் இந்து ஷஃபிளை முதலில் பழகிவிட்டு, ஐப்பசி மழையும் ஓய்ந்தபின் இன்ஜாக்குக்குப் போகலாம்.