சேறும் சரிவும் உள்ள நிலத்துக்கு எந்த ராணுவ லாரி? எம்923ஏ2வுடன் என் நீண்டகால அனுபவம்

பாரம் ஏற்ற ராணுவ லாரி வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். லோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? இரண்டு இடமும் தார்ச்சாலையை ஒட்டி இருந்தால் ராணுவ லாரி வேண்டாம். பழைய டம்ப் லாரி ஒன்று அந்த வேலையைக் குறைந்த டீசலில், சீக்கிரமாக முடித்துவிடும். லோடு சேற்றிலோ, சரிவிலோ, ஓடைக்கு அப்பாலோ கிடக்கிறது என்றால்தான் மேற்கொண்டு பேச விஷயம் இருக்கிறது.

என் நிலம் இரண்டாவது வகை. எனக்கு வேலை ஆர்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் பக்கம். நிலம் ஓசார்க் மலைக்குள் இருக்கிறது. ஓக் மரத்தடிகளை அறுவை மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும், பாதைக்குச் சரளை அடிக்க வேண்டும், சின்ன எக்ஸ்கவேட்டரை டிரெய்லரில் இழுக்க வேண்டும். இங்கே மண் களியும் சில்லுக்கல்லும் கலந்தது. இரண்டு நாள் மழை பெய்தால் பின்சக்கரம் மட்டும் ஓடும் லாரி மேட்டில் பாதியிலேயே நின்றுவிடும். இதற்காகத்தான் எம்923ஏ2 வாங்கினேன். ஆறு சக்கரமும் இழுக்கும் ஐந்து டன் லாரி இது. பல வருஷமாக இதில்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

முதலில் அந்த 'ஐந்து டன்' கணக்கு. அமெரிக்க ராணுவம் லாரிக்குச் சொல்லும் டன் கணக்கு சாலையில்லாத நிலத்துக்கானது. எம்923க்குக் கரடுமுரடான நிலத்தில் 10,000 பவுண்டு, அதாவது கிலோ கணக்கில் நாலரை டன். பழைய எம்35ஏ2வை இரண்டரை டன் என்பார்கள். நிலத்தில் 5,000 பவுண்டு, நல்ல சாலையில் 10,000 பவுண்டு என்று இரண்டு எண் அதற்கு உண்டு. சாலை எண்ணை மனதில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஏற்றினால் ஸ்பிரிங்கும் ஆக்சிலும் சீக்கிரம் கணக்குக் கேட்கும்.

எம்35ஏ2 பலருக்கும் பிடித்த வண்டி. விலை குறைவு, பார்க்க அழகு, டீசல் தவிர வேறு சில எரிபொருளையும் குடிக்கும் 7.8 லிட்டர் எஞ்சின். காலியாக 13,000 பவுண்டு அளவில்தான் இருக்கும். சமவெளியில் வைக்கோல் கட்டும் விறகும் ஏற்ற அது போதும். மலையில் பாரம் ஏற்றி இறங்க நான் அதைச் சொல்லமாட்டேன். காரணம் பிரேக். காற்று உதவியோடு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் அது. ஆறு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஏதோ ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும், ஆறு சக்கரமும் பிடியை இழக்கும். கைபிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் டிரைவ் ஷாஃப்டில் இருக்கும் ஒரே டிரம்மை. நிறுத்திய வண்டியைப் பிடித்து வைக்க அது சரி. மரத்தடியோடு இறக்கத்தில் ஓடும் வண்டியை நிறுத்த அதை நம்ப முடியாது. போதாக்குறைக்கு அதில் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது.

லாரி தேர்வு செய்யும்போது எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். பாரம் ஏற்றும் வண்டியில் முதலில் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றித்தான். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் நேரம் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் போனால் அந்த வளைவைத் தாண்டமாட்டோம்.

எம்939 வரிசை லாரிகளில் (எம்923 இந்த வரிசையில் ஒன்று) முழுக் காற்று பிரேக். காற்று போனால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துவிடும். இந்த அமைப்புதான் என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு, வாங்குகிறவர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காலியாகவோ ஈரச் சாலையிலோ அழுத்திப் பிடித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் திரும்பும். ராணுவத்திலேயே இதனால் விபத்துகள் நடந்தன. அதன் பிறகு இந்த லாரிகளை 40 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பொருத்தும் வேலையும் நடந்தது. ஆகவே ஏபிஎஸ் பொருத்திய வண்டியாகத் தேடுங்கள். சக்கரத்தின் பின்பக்கம் சென்சார் ஒயர் வருகிறதா என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். என் வண்டியில் இருக்கிறது. அப்படியும் மழை நாளில் நான் 40க்கு மேல் போவதில்லை.

ஏ1, ஏ2 என்பவை எம்923இன் பிந்தைய வடிவங்கள். எஞ்சினைப் பொறுத்தவரை எம்923, எம்923ஏ1 இரண்டிலும் கம்மின்ஸ் என்எச்சி-250, 14 லிட்டர், டர்போ இல்லாதது. ஏ2வில் கம்மின்ஸ் 8.3 லிட்டர் டர்போ எஞ்சின். இரண்டுக்கும் 240 குதிரைத்திறன்தான். பெரிய எஞ்சின் சாதுவானது, நிதானமாக இழுக்கும், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் 8.3ஐத் தேர்ந்தெடுத்தது உதிரிபாகத்துக்காக. விவசாய இயந்திரங்கள், பேருந்துகள், நடுத்தர லாரிகள் என்று அந்த எஞ்சின் ஓடாத இடம் இல்லை. கிராமத்து டிராக்டர் மெக்கானிக்குக்குக்கூட அது பழக்கம். வாட்டர் பம்ப் மாற்ற வேண்டி வந்தபோது பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. கியர்பாக்ஸ் அலிசன் ஐந்து வேக ஆட்டோமேட்டிக். பாரத்தோடு சேற்றில் கிளட்சை எரிக்கும் கவலை இல்லை என்பது பெரிய நிம்மதி. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இறங்க ஆரம்பித்த பிறகு குறைக்கலாம் என்று விட்டால் பிரேக் சூடாகிவிடும்.

டயர் ஏ1, ஏ2 இரண்டுக்கும் 14.00ஆர்20. பின்பக்கம் இரட்டை டயர் இல்லாமல் ஒற்றை அகல டயர். எம்923இல் இருக்கும் இரட்டை டயர்களுக்கு நடுவில் கல் மாட்டிக்கொண்டு டயரைக் கிழிக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஏ2வில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உண்டு. நெடுஞ்சாலை, காட்டுப்பாதை, மணல், அவசரம் என்று நாலு பொத்தான். அது வேலை செய்யும் நாளில் வண்டி வேறு வண்டி. ஓடையோரத்து மணலில் காற்றைக் குறைத்துக்கொண்டு முழு லோடோடு ஏறி வந்திருக்கிறேன். ஆனால் என் வண்டியில் அதிகம் படுத்தியதும் அதுதான். ஹப்பில் இருக்கும் சீல் தேய்ந்தால் காற்று கசியும், கம்பிரஸர் ஓயாமல் ஓடும், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எச்சரிக்கை விளக்கு எரியும். பலர் அலுத்துப்போய் அந்த வசதியையே அடைத்துவிடுகிறார்கள். நான் பின்பக்கச் சீல்களை மாற்றி ஓட்டுகிறேன். எனக்கு அது வேண்டும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அடைப்பதே நல்லது.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் தேதிக் குறியைப் பாருங்கள். தரையைத் தொடும் வெட்டு நன்றாக இருக்கும், வயது ஏறியிருக்கும், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். ஆறு டயர் மாற்றும் செலவு வண்டி விலையையே தொடலாம். ரிம் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டாகச் சேருவது. காற்றை முழுக்க இறக்காமல் அதில் கைவைக்கக் கூடாது, காற்றடிக்கும்போது ரிம் தெறித்தால் தடுக்கும் கூண்டு வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

மின்சாரம் 24 வோல்ட், நாலு பேட்டரி. நாலும் ஒரே வயதாக இருப்பது நல்லது. சந்தையில் கிடைக்கும் டிரெய்லர் விளக்குகள் 12 வோல்ட் என்பதால் நேராக இணைக்க முடியாது. ராணுவ இணைப்பானும் வேறு மாதிரி. டிரெய்லரில் இரண்டு வோல்ட்டிலும் எரியும் எல்இடி விளக்கு போட்டுவிட்டு, லாரிக்கு ஏற்ற இணைப்பு ஒயர் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

சரி, ஓட்டுவது எப்படி இருக்கிறது? சத்தம் அதிகம், காதுக்கு மூடி இல்லாமல் நான் ஏறுவதில்லை. கோடையில் கேபினில் உட்கார முடியாத வெக்கை. வேகம் 55 மைலை ஒட்டி முடிந்துவிடும். கேலனுக்கு ஐந்து, ஆறு மைல் கிடைத்தால் சந்தோஷம். தளம் நெஞ்சுயரத்துக்கு மேல் இருக்கிறது, ஆள் கையால் ஏற்றும் லோடுக்கு இது ஆகாது. லோடைத் தூக்கி வைக்க, முன்பக்கம் கொக்கி போட்ட டிராக்டர் ஒன்று கூடவே வேண்டும். இதெல்லாம் தெரிந்தே வாங்க வேண்டியவை. பதிலுக்கு, மழைக்காலத்திலும் மரம் வெட்டிய இடத்துக்கே போய் ஏற்றிக்கொண்டு வருகிறது. முன்பு ஒரு வாரம் காயக் காத்திருந்த பாதையில் இப்போது காத்திருப்பதில்லை.

ராணுவம் கழித்துவிடும் வண்டிகளின் ஏலத்துக்குப் புதிய வரிசையும் வருகிறது. டெக்சஸின் சீலி நகரில் செய்த எம்1078 (இரண்டரை டன், நாலு சக்கரம்), எம்1083 (ஐந்து டன், ஆறு சக்கரம்). கேட்டர்பில்லர் 3116 எஞ்சின், ஏழு வேக அலிசன், சாய்த்துத் திறக்கும் கேபின். ஓட்ட சுகம் அதிகம். எலக்ட்ரானிக்ஸ் அதிகம் என்பதால் வீட்டில் பழுது பார்க்கிறவருக்கு எம்939 எளிது என்பது என் எண்ணம். ஆனால் எம்1078க்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மொத்த எடை 26,000 பவுண்டுக்குள் நிற்கிறது. அமெரிக்காவில் 26,001இல் வணிக ஓட்டுநர் உரிமம் கேள்வி வருகிறது. எம்923 காலியாகவே 21,000க்கு மேல், லோடு சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும். விவசாய வேலைக்கு, பண்ணையிலிருந்து 150 மைலுக்குள் ஓட்டினால் விலக்கு உண்டு. அதையும் உங்கள் மாநிலம் எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. புல்டோசரை லோபாய் என்னும் தாழ்தள டிரெய்லரில் சாலையில் இழுக்கத்தான் வேண்டும் என்றால் இந்த வகை லாரிகளே தவறான தேர்வு. அதற்கென்று ராணுவத்திலேயே எம்915, எம்916 டிராக்டர்கள் இருக்கின்றன. எம்916ஏ1 என்பது ஃப்ரைட்லைனர், டெட்ராய்ட் சீரிஸ் 60 எஞ்சின், 400 குதிரைத்திறன், ஆறு சக்கர இழுவை. சாதாரண நெடுஞ்சாலை லாரியின் உதிரிபாகங்கள் நிறையவே பொருந்தும். எல்லோரும் பச்சை வண்ணச் சரக்கு லாரிகளையே பார்த்துக்கொண்டிருக்க, இவை அதிகம் கண்ணில் படாமல் போகின்றன.

வாங்கும் நேரத்து விஷயங்கள். ஏலத்தில் எடுத்த பிறகு வண்டியை விடுவிக்கும் அனுமதிக்குச் சில வாரம் ஆகலாம். எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்று வந்தால்தான் மாநிலப் பதிவுக்குப் போக முடியும், அது இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். காப்பீட்டுக்கு முன்கூட்டியே பேசிவையுங்கள். நான் கேட்ட ஒரு நிறுவனம் வண்டியின் பெயரைக் கேட்டதுமே மறுத்துவிட்டது. விவசாய வாகனமாகப் போட வேறு ஒன்று சம்மதித்தது. நேரில் பார்க்க முடிந்தால் எஞ்சின் ஓடும் சத்தத்தைவிட, நிறுத்தியபின் காற்று எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கவனியுங்கள். தளத்தின் அடியில் துரு, ஆக்சில் எண்ணெயில் பால் நிறம், ராணுவப் பணிமனை புதுப்பித்ததற்கான தகடு, இந்த மூன்றையும் அப்புறம் பாருங்கள். ஓடையில் இறங்கிய வண்டி என்றால் ஆக்சிலுக்குள் தண்ணீர் இருக்கும்.

எந்த உடல் வேண்டும் என்பதையும் எண்ணைப் பார்த்தே முடிவு செய்யலாம். எம்923 சாதாரணத் தளம், எம்925 அதே வண்டியில் முன் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி). எம்927 நீளத் தளம், எம்928 நீளத் தளத்தோடு வின்ச். எம்929 டம்ப், எம்930 வின்ச் வைத்த டம்ப். சரளை மட்டும் அடிக்கிறவருக்கு எம்929ஏ2 போதும். மரத்தடிதான் முக்கிய வேலை என்றால் எம்928ஏ2 கிடைக்கும்வரை காத்திருங்கள். என் வண்டியில் வின்ச் இல்லாததால் சரிவில் உருண்டு விழுந்த தடியை இழுக்க ஒவ்வொரு முறையும் டிராக்டரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.