கிர்கிஸ்தான் குதிரைப் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

நெல்லையில் வெளிநாட்டு சாகசச் சுற்றுலா ஏற்பாடு செய்து தருவதாக போர்டு வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர், என்னிடம் 3,36,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டார். எனக்கும் மகளுக்கும் ஆகஸ்டில் கிர்கிஸ்தானில் குதிரைப் பயணம் என்று பேச்சு. ஆகஸ்ட் முடிந்துவிட்டது. டிக்கெட்டும் இல்லை, விசாவும் இல்லை, பணமும் இல்லை. இந்தப் பயணம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு எல்லா விவரமும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லாமல் கை ஓடமாட்டேன் என்கிறது.

மகள் கோவையில் படிக்கும்போது குதிரை ஏறக் கற்றுக்கொண்டவள். சோங்-குல் ஏரிக்குக் குதிரையில் போய் யூர்ட்டில் தங்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி, சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேய்ப்பர்கள் குதிரை, ஆடுகளோடு மேலே வந்து யூர்ட் என்ற கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கிஸார்ட் போன்ற கிராமங்களிலிருந்து கணவாய் தாண்டிக் குதிரையிலேயே இரண்டு மூன்று நாளில் போய் வரலாம். நம் ஊரில் கிர்கிஸ்தான் என்றால் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போகிற நாடு என்றுதான் தெரியும். உள்ளூரிலேயே ஒருவர் இதை ஏற்பாடு செய்கிறார் என்றதும் நிம்மதியாக இருந்தது.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். அச்சடித்த ஃபாரம் ஒன்றை எடுத்துவைத்து, எங்கள் உயரம், எடை, முன்பு குதிரை ஏறியிருக்கிறோமா, முட்டி வலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். "எடையைச் சரியாச் சொல்லுங்க அண்ணாச்சி, அதுக்குத் தக்கனதான் குதிரை ஒதுக்குவாங்க" என்றார். மகளிடம், கொஞ்சம் ஹீல் உள்ள ஷூ வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்றார். அத்தனையும் சரியான விஷயம். நிஜமாகவே குதிரைப் பயணம் நடத்துகிறவர்கள் கேட்கிற கேள்விகள். மேஜை மேல் இருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்து, "அந்த ஊர்க்காரங்க போடுத கல்பாக்" என்று மகள் தலையில் வைத்து, "பாப்பாவுக்கு நல்லா இருக்கு" என்றார். அங்கே உட்கார்ந்துதான் 1,00,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

மீதி 2,36,000 மே மாதக் கடைசியில் பேங்க் மூலம் போனது. அதில் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஏஜென்ட் வசூலித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய டிசிஎஸ் வரி என்று 16,000 சேர்த்திருந்தார். கம்பெனி கணக்கில் போட்டால் வெளிநாட்டுக்கு அனுப்ப லேட்டாகும் என்று சொல்லி அவர் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தார். சீக்கிரமே பிஎன்ஆர் நம்பர் வந்தது. விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் எங்கள் பெயர் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய், அங்கிருந்து பிஷ்கெக். அப்புறம் ஒருநாள் சீட் எடுக்கலாம் என்று மகள் அதே நம்பரைப் போட்டாள். அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்று வந்தது. பணம் கட்டாமல் ஹோல்டில் போட்டு எடுத்த நம்பர் அது. கெடு தாண்டியதும் தானாக ரத்தாகிவிடும். டிக்கெட் எடுத்திருந்தால் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். எங்களுக்குக் கொடுத்த பேப்பரில் அது கிடையாது.

அதிலிருந்து இழுத்தடிப்புதான். முதலில் "சர்வர் ப்ராப்ளம் அண்ணாச்சி". அப்புறம் "அங்க இன்னைக்கு லீவு". விசா விண்ணப்ப எண்ணையாவது கொடுங்க என்றால், "ப்ராசஸ்ல இருக்கு, கவலப்படாதிய, நான் பாத்துக்கிடுதேன்". ஆடியில் நேரில் போனால், "ஊர்ல கோயில் கொடை, முடிச்சிட்டு வந்து உக்காந்து பேசுவோம்". கொடை முடிந்தது, பேச்சு நடக்கவில்லை. ரிசப்ஷனில் இருந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "சார் மதுரைக்குப் போயிருக்காங்க" என்றது. அவர் குரல் உள்ளறையில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்னது. அந்தப் பிள்ளையை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

போன வாரம் வந்த வாட்ஸ்அப்பில்தான் வயிறு எரிந்துபோனது. "நவம்பருக்கு மாத்தித் தாரேன், அதே பேக்கேஜ்." நவம்பரில் சோங்-குல்லில் யார் இருப்பார்கள்? யூர்ட்டைப் பிரித்துக்கொண்டு மேய்ப்பர்கள் எப்போதோ கீழே இறங்கியிருப்பார்கள். கணவாயில் பனி விழுந்து பாதை அடைத்திருக்கும். அந்த ஏரியைப் பற்றி ஒன்றும் விசாரிக்காத ஆள்தான் எங்கள் எடையை எழுதிக்கொண்டார், ஆகஸ்ட் பயணத்துக்கும் அவர் ஒரு குதிரைகூடப் பேசிவைத்ததில்லை என்று அப்போது தெரிந்துபோயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேற்றுப் போனால் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது. "இன்னும் நாலஞ்சு பேரு வந்து கேட்டுட்டுப் போறாங்க அண்ணாச்சி" என்கிறார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். வரி என்று வாங்கிய பணமாவது அரசாங்கத்துக்குப் போனதா என்று என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் கணக்கை ஆடிட்டரைப் பார்க்கச் சொன்னேன். ஒரு பைசா ஏறவில்லை.

3,36,000 ரூபாய். மகளுக்காக என் பி.எஃப். பணத்திலிருந்து எடுத்தது.

விரிவாக வழி சொல்ல இப்போது மனசு இல்லை, அவசரமாகச் சிலது மட்டும். 13 இலக்க டிக்கெட் எண் வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். தனி ஆள் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சோங்-குல் போகிற வழியில் உள்ள கோச்கோர் என்ற ஊரில் உள்ளூர்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சமூகச் சுற்றுலா அமைப்பு இருக்கிறது. குதிரை, வழிகாட்டி, யூர்ட் எல்லாம் அவர்களிடமே நேராகப் பேசலாம். இங்குள்ள ஏஜென்ட் வழியாகத்தான் என்றால், எந்த யூர்ட், யார் வழிகாட்டி என்று அங்கிருந்து எழுத்தில் வரவழையுங்கள். பயணக் காப்பீட்டில் குதிரை ஏற்றமும் 3,000 மீட்டருக்கு மேல் உள்ள உயரமும் உண்டா என்று பாருங்கள், பல பாலிசிகளில் இருக்காது.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். நானும் சொல்லிவிட்டேன், போலீஸிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் விசாரித்துவிட்டுப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.