கிலோ கணக்கில் துணி போடுகிறவர்களே, ‘சுடுதண்ணி வாஷ்’ என்றால் உஷாராக இருங்கள்

பெங்களூரில் கிலோ கணக்கில் துணி வாங்கித் துவைத்துத் தரும் கடைகளுக்குப் போகிறவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். போன மாதம் நான் 6 கிலோ துணி கொடுத்தேன். அதில் பாதி இனி உடுத்தவே முடியாத நிலையில் திரும்பி வந்தது.

நாங்கள் பாணசவாடிப் பக்கம் இருக்கிறோம். வீட்டு வாஷிங் மிஷின் பழுதாகி, ஆள் வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வந்திருந்த நேரம், துணி குவிந்துவிட்டது. அம்மாவின் அரக்குச் சுங்குடி, இரண்டே தடவை கட்டியது. அப்பாவின் எட்டு முழ வேட்டி. மகளின் பள்ளிச் சட்டை. விளையாடும்போது விழுந்து முழங்கை சிராய்த்ததில் சட்டைக் கையில் ரத்தக்கறை. என் லெக்கின்ஸ் இரண்டு, துண்டுகள், தலையணை உறைகள். எல்லாம் ஒரே பையில் போயின.

கவுண்டரில் இருந்தவர் கிருஷ்ணகிரிக்காரர், நம்ம தமிழ். “ஹைஜீன் வாஷ் போடட்டுமா மேடம்? 60 டிகிரி சுடுதண்ணி. கிருமி செத்துரும், எந்தக் கறையும் நிக்காது. கிலோவுக்கு 20 ரூபாதான் கூட” என்றார். அம்மா உடனே, “தம்பி, சுங்குடிய இதுகளோட போட்றாதீங்க. சாயம் விடும். தனியா, பச்சைத் தண்ணில அலசணும்” என்றார். “எல்லாம் தனித்தனியாத்தாம்மா போடுவோம்” என்று சிரித்த முகமாகச் சொன்னார். அம்மா நம்பினார். நானும் நம்பினேன். பில்லில் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மறுநாள் மாலை பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா பேசவே இல்லை. வேட்டி முழுக்க வெளிர் ரோஸ். அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா கட்டிய வேட்டி அது. சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளெல்லாம் அரக்கில் கலங்கிப்போயிருந்தன. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற புடவைக்கு அந்தப் புள்ளிகள்தானே உயிர்! லெக்கின்ஸ் இடுப்பில் நெகிழ்ந்து தொளதொளத்தது. சட்டையில் சிவப்பாக இருந்த கறை பழுப்பாகி, இழையோடு ஒட்டிவிட்டது.

அந்தச் சட்டைதான் எனக்கு முதலில் விஷயத்தைப் புரியவைத்தது. ரத்தம், பால், முட்டை எல்லாம் புரதம். முட்டை வெந்நீரில் இறுகுவதுபோலவே ரத்தக்கறையும் சூட்டில் துணிக்குள் இறுகிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கசக்கியிருந்தால் போயிருக்கும். எந்தக் கறையும் நிற்காது என்று சொல்லிக் காசு வாங்கிய சூடுதான் கறையை நிறுத்திவிட்டது. அதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். என்ன துணி, என்ன கறை என்று ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றுக்கும் சுடுதண்ணீர் விற்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வரும் பல சோப்புத்தூள்களில் கறையை அரிக்கும் என்சைம்கள் இருக்கின்றன. அவை 30, 40 டிகிரியில் நன்றாகவே வேலை செய்யும். சூடு மிகவும் ஏறினால் அவையே செயலிழந்துபோகும். லெக்கின்ஸை இழுத்தால் நீள வைக்கும் எலாஸ்டேன் இழைக்கும் சூடு ஆகாது. சுங்குடி மாதிரி அடர்ந்த சாயம் சூட்டில் இன்னும் வேகமாக இளகி, பக்கத்துத் துணியில் ஏறும். பட்டும் கம்பளியும் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

சுடுதண்ணீரே கூடாது என்று நான் சொல்லவில்லை. தலையணை உறை, குளிக்கும் துண்டு, காய்ச்சலில் கிடந்தவரின் படுக்கை விரிப்பு, குழந்தையின் துணி நாப்கின் இவற்றுக்கெல்லாம் 60 டிகிரி சரிதான். தூசிப்பூச்சிகூட அந்தச் சூட்டில் சாகும். சாம்பார் எண்ணெய்ப் பிசுக்குக்கு 40 போதும். தினசரி அலுவலகச் சட்டைக்கும் சுடிதாருக்கும் 30, இல்லையென்றால் குழாய்த் தண்ணீரே போதும். டிசம்பர் காலையில் நம் ஊர்த் தண்ணீர் ஜில்லென்று வரும்போது தூள் கரையாமல் கறுப்புத் துணியில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். அப்போது திரவ சோப்புக்கு மாறுங்கள், அல்லது 30 வையுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். மிஷின் 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். 30-க்கு என்றால் 0.1 யூனிட்கூட ஆகாது. அதோடு போர்வெல், டேங்கர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதைச் சூடாக்கச் சூடாக்கச் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரில் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். போர்வெல்லை நம்பியிருக்கும் அடுக்குமாடியில் தினமும் 60-ல் ஓட்டினால் கரண்டும் போகும், மிஷினும் கெடும்.

கடைக்குத் திரும்பப் போனேன். உள்ளே மிஷின் பலகையில் 60 எரிந்துகொண்டிருந்தது. எங்கள் பையைத் தனித்தனியாகப் பிரித்தீர்களா என்று துவைக்கும் பையனிடம் கேட்டேன். ஒரு பைக்கு ஒரு மிஷின்தான் அக்கா, பிரிக்க நேரம் இருக்காது என்று உண்மையைச் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. மேலாளர் வந்து, “சாயம் போறது துணியோட தரம் மேடம், நாங்க பொறுப்பில்ல” என்று பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத நாலு வரி. அடுத்த தடவை இலவசமாகத் துவைத்துத் தருவதாகக் கூப்பன் நீட்டினார். வாங்கவில்லை.

என் லெக்கின்ஸின் உள்தையலில் இருந்த துண்டுச்சீட்டைக் காட்டினேன். தொட்டி படம், அதற்குள் 30 என்ற எண். அந்த எண்தான் அதிகபட்சச் சூடு. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும், தொட்டிமேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரிலேயே போடக்கூடாது. எழுதியிருந்ததை மீறித் துவைத்தது நீங்கள், துணியின் தரத்தைப் பேசாதீர்கள் என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கைத்தறிப் புடவைக்கு இந்தச் சீட்டு பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் அம்மா வாயால் சொன்னார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பில், துணியின் படங்கள், அந்தச் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

துணி கொடுக்கும் முன்பு கவுண்டரிலேயே ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். ‘தனியாக, பச்சைத் தண்ணீரில்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் பையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சாயத் துணியை நம்பவே வேண்டாம், வீட்டில் ஒரு வாளி போதும். ஈரத்துணியை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அது கடைக்குப் போகிற துணி இல்லை.

மிஷின் சரியாகிவிட்டது. அம்மா ஊருக்குக் கிளம்பும்போது அந்தச் சுங்குடியை எடுத்துப் போகவில்லை. வேட்டியை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.