மருதமுனைத் துண்டுத் துணியில் ஒரு போர்வை: ஆறு வருடப் பாவனைக்குப் பிறகு

முதலில் போனது ஓரப்பட்டிதான். மூன்றாவது வருடமே தலைமாட்டு மூலை இரண்டும் நார்நாராகப் பிரிந்துவிட்டன. நடுவில் இருக்கிற ஒட்டுத் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நித்திரையில் கை பிடித்து இழுக்கிற இடம் மட்டும் தேய்ந்துபோனது. கைத்தறித் துணியிலேயே பட்டியும் வெட்டினது என் பிழை. இழை மொத்தமாக, நெசவு கொஞ்சம் தளர்வாக இருக்கிற துணி மடிப்பில் அதிக நாள் நிற்காது. இப்போது இருக்கிற பட்டி கடையில் வாங்கின சாதாரணப் பருத்தி. இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, இரட்டையாக மடித்துத் தைத்தது. இதுவரை ஒரு நூல் எழும்பவில்லை.

போர்வை 2019 கடைசியில் முடிந்தது. ஒற்றைக் கட்டில் அளவு, 54 அங்குலத்துக்கு 81. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் மாரிக்குப் போர்த்துவதும் இது, கோடையில் மெத்தைக்கு மேல் விரிப்பதும் இது. அக்காவின் மகன் வந்தால் இரண்டு கதிரைக்கு மேல் போட்டுக் கூடாரம் அடிப்பான். காட்சிக்கு வைத்த சாமான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

துணி மருதமுனையில் எடுத்தது. மட்டக்களப்பில் இருந்து கல்முனை பஸ்ஸில் போனால், கல்முனைக்குக் கொஞ்சம் முன்னுக்கு வருகிற ஊர். சாரமும் சாரியும் நெய்வதில் பேர் எடுத்தது. சட்டையும் பையும் தைக்கிற ஓர் இடத்தில், வெட்டி மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டுப் போனேன். அங்கிருந்த நானா சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, “என்னத்துக்கு தங்கச்சி இது, மெசின் துடைக்கவா?” என்றார். போர்வைக்கு என்றதும் ஒன்றும் பேசவில்லை. கோடு போட்ட நல்ல துண்டுகளாகத் தானே பொறுக்கி ஒரு பக்கம் வைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்தால் பெரியம்மாவின் கதை வேறு: “ஒட்டுப் போட்ட துணிய ஆக்கள் வந்தா நாங்க ஒளிச்சு வைப்பம் புள்ள. நீ காசு குடுத்து வாங்கி ஒட்டுப் போடுறாய்.”

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் அழுதது அதற்குத்தான். மருதமுனைத் துண்டுகள் போதாமல், நகரத்தில் ஒரு கடையில் கருஞ்சிவப்புத் துணி ஒரு யார் வாங்கிச் சேர்த்தேன். “சாயம் போகவே போகாது” என்று சொல்லித்தான் தந்தார்கள். நானும் நம்பி, நனைத்துப் பார்க்காமல் வெட்டிவிட்டேன். நான்கு மாதம் மினக்கெட்டுத் தைத்த போர்வையை முதல் தரம் தோய்த்த அன்று, பேசினில் இருந்த தண்ணீர் பீட்றூட் அவித்த தண்ணீர் மாதிரி இருந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைத் துண்டெல்லாம் இளஞ்சிவப்பு. உப்புப் போட்டு ஊற வை, வினாகிரி விடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டையும் செய்தேன், இரண்டாலும் பலன் இல்லை. நெய்து வந்த துணியில் ஒழுங்காகப் பிடிக்காத சாயத்தைக் குசினியில் இருக்கிற எதுவும் கட்டிப்போடாது. மிச்சச் சாயம் கழன்று முடியும்வரை நிறையத் தண்ணீரில் அலச வேண்டியதுதான். ஏழாவது அலசலில் தண்ணீர் தெளிந்தது. எட்டுக் கட்டம் மட்டும் இன்றைக்கும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. மச்சாள் அதை வேண்டுமென்றே வைத்த நிறம் என்று நினைத்துப் பாராட்டினாள். நான் திருத்தப் போகவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் துணியானாலும், விரலளவு துண்டு வெட்டி, வெள்ளைக் கோப்பையில் சுடுதண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் ஊறப் போடுகிறேன். எடுத்து ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து அமத்திப் பார்ப்பேன். தண்ணீர் தெளிவாக இருந்தும் அந்த வெள்ளையில் நிறம் இறங்கிய துணிகள் உண்டு, ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். பாஸ் பண்ணின துணியையும் முழுதாக ஒரு தரம் தோய்த்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டுவது. கைத்தறித் துணி முதல் தோய்ப்பில் நன்றாகவே சுருங்கும். நான் அளந்து பார்த்த ஒரு துண்டு நீளவாட்டில் 20 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் போனது. அகலவாட்டில் அவ்வளவு இல்லை. தைத்த பிறகு இப்படிச் சுருங்கினால் போர்வை மேடும் பள்ளமுமாக நெளிந்துவிடும்.

தையல் விளிம்பு, அதாவது தையலுக்கு வெளியே விடுகிற துணி, அடுத்த விசயம். யூடியூபில் எல்லாரும் கால் அங்குலம் விடச் சொல்வார்கள். அது நெருக்கமாக நெய்த மில் துணிக்குச் சரி. கைத்தறியில் கால் அங்குலம் விட்டுத் தைத்த என் முதல் தலையணை உறை, தையலுக்கு உள்ளே பிரிந்து வாய் திறந்துவிட்டது. போர்வைக்கு அரை அங்குலத்தில் முக்கால் பங்கு, அதாவது எட்டில் மூன்று அங்குலம் (3/8) விட்டேன். ஆறு வருடத்தில் திறந்த தையல் இரண்டே இரண்டு.

டிசைன் என்று பெரிதாக யோசிக்கவில்லை. மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீனை எங்கள் பக்கத்தில் தைக்காத ஆள் இல்லை, எனக்கு அது வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது. வீட்டில் விரித்திருந்த பன்பாயைப் பார்த்துத்தான் வந்தது யோசனை. மூன்று பட்டியைச் சேர்த்தால் ஒன்பது அங்குலச் சதுரம். ஒரு சதுரத்தை நிமிர்த்தி, அடுத்ததைப் படுக்க வைத்தால் பாய் பின்னினது போல மேலும் கீழும் போய்வருகிற தோற்றம். அமெரிக்கர் இதை ரெயில் ஃபென்ஸ் என்று வேலியாகப் பார்க்கிறார்கள், எனக்குப் பாய்தான். அகலவாட்டில் ஆறு, நீளவாட்டில் ஒன்பது, மொத்தம் 54 சதுரம், 162 பட்டி. ஒவ்வொரு பட்டியும் மூன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒன்பதே முக்கால் வெட்ட வேண்டும். சாரத் துணியின் கோடுகளை நீளவாட்டில் வைத்து வெட்டினால் பின்னல் இன்னும் எடுப்பாகத் தெரியும். கட்டம் போட்ட துணியை இதில் கலக்காதீர்கள், கண்ணைக் குழப்பும். தொடங்குகிற ஆளுக்கு இதைவிட லேசான டிசைன் இல்லை; முக்கோணங்களுக்குப் போனால் குறுக்கு வெட்டு இழுபட்டு, இந்தத் துணி பாடாய்ப் படுத்தும்.

மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவில் வைக்கிறதற்கு முதலில் இலவம் பஞ்சைச் சோதித்தேன், ஒரு குட்டி விரிப்பில். இழை வழுவழு என்று இருப்பதால் ஒன்றோடொன்று பிடிக்காது. மூன்று தோய்ப்பில் மூலைக்கு மூலை கட்டிபட்டு, நடு வெறும் துணியாகிவிட்டது. பொலியெஸ்டர் பஞ்சுத் தகடு உருண்டு திரளாது, ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் மேல் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள், தெரியும். கடைசியில் வங்காளத்தில் காந்தா என்கிற பழந்துணிப் போர்வை தைக்கிறவர்களின் வழிக்குத்தான் வந்தேன்: பழைய பருத்திச் சாரி. நடுவுக்கு இரண்டு, அடிக்கு ஒன்று, மூன்றுமே அம்மா உடுத்து மெலிந்த வாயில் சாரிகள். நான்கு அடுக்கு ஆனாலும் பாரம் இல்லை, வேர்க்காது, மழைக் காலத்தில் அரை நாள் காற்றிலேயே காய்ந்துவிடும். தோய்க்கத் தோய்க்க மெதுமை கூடுகிறது. ஒரு குறை: நவம்பர், டிசம்பர் அடைமழையின்போது இரவு பிந்தினால் இது ஒன்று மட்டும் போதாது.

அடுக்குகளைச் சேர்த்தது அம்மம்மாவின் மிதி மெசினில். என்னிடம் பிளாஸ்ரிக் உடம்போடு ஒரு சின்னக் கரண்ட் மெசினும் இருக்கிறது. சட்டைக்கு நல்லது, நான்கு அடுக்கும் மடிப்பும் சேர்கிற இடத்தில் முனகிக்கொண்டு நின்றுவிடும். மிதி மெசின் அந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை. 16 நம்பர் ஊசி, அங்குலத்துக்கு எட்டுத் தையல். ஆனால் மேல் துணியை அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளும், அதனால் முதலில் சாண் இடைவெளியில் கையால் ஓட்டித் தையல் போட்டாக வேண்டும். அந்த வேலைக்கே எனக்கு இரண்டு ஞாயிறு போனது. கடற்காற்றுக்கு மெசின் துருப்பிடிக்கும், கிழமைக்கு ஒரு தரம் எண்ணெய் விடாவிட்டால் சில்லு இறுகிவிடும். மழை தொடங்கினால் தோல் பட்டி இளகி வழுக்கும், அரை அங்குலம் வெட்டிக் கம்பியைத் திரும்பக் கொளுவுவேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், ஜன்னலோரம் இழுத்துப் போட்டு இரண்டாவது போர்வையின் பாதியைத் தைத்தது இந்த மெசின்தான்.

பூஞ்சணத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஒரு மாரி முழுக்க அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் கட்டி வைத்து, தை மாதத்தில் எடுத்தபோது அடிப்பக்கம் மிளகு தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளி. தோய்த்தும் முழுதாகப் போகவில்லை. இப்போது பழைய தலையணை உறைக்குள்தான் வைக்கிறேன், வெயில் கண்ட நாளில் அடிப்பக்கம் மேலே வரக் கொடியில் போடுவேன். மேல்பக்கத்தை வெயிலில் காட்டினால் நிறம் வெளிறும்.

விற்பீர்களா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. பின்னேரங்களில் மட்டும் உட்கார்ந்தால் ஒன்றுக்கு நான்கு மாதம். கூலிக் கணக்குப் போட்டு ஒரு விலை சொன்னேன், கேட்டவர் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் எழும்பிப் போனார். துண்டுத் துணி வேண்டுமானால் மருதமுனைக்குப் போகிற நாளில் சொல்கிறேன், சேர்த்து எடுத்து வரலாம். சிவப்பு மட்டும் கேட்காதீர்கள்.