மிரர் ரீபில்ட் பாதியில் நின்றால்: எம்டிஏடிஎம்மா, இசட்எஃப்எஸ்ஸா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்கை மிரராக (ஒரே தரவின் இரண்டு பிரதியாக) வைக்க லினக்ஸில் பெரும்பாலோர் எடுப்பது இரண்டில் ஒன்று: பழைய எம்டிஏடிஎம் (mdadm) என்ற கருவி, அல்லது இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது இசட்எஃப்எஸ்ஸில் இருக்கிறேன். நிறுவுவது எது சுலபம், எது வேகம் என்பதெல்லாம் வீட்டு உபயோகத்துக்குப் பெரிய விஷயமே இல்லை. ஒரு டிஸ்க் செத்து, புதியதை மாட்டி, ரீபில்ட் (தரவைப் புதிய டிஸ்க்கில் திரும்ப எழுதுவது) பாதியில் அசையாமல் நிற்கும்போது எது நமக்கு உதவுகிறது? நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான்.

எம்டிஏடிஎம்மில் நின்றது போலத் தெரிவதெல்லாம் நின்றது ஆகாது. மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் சதவீதமும் வேகமும் தெரியும். வேகம் நொடிக்கு 1000 கிலோபைட் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால், வேறு ஏதோ நிரல் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கிறது, ரீபில்ட் அதற்கு வழிவிட்டு நகர்கிறது என்று அர்த்தம். லினக்ஸின் மையமான கர்னலில் முன்னிருப்பாக உள்ள குறைந்தபட்ச வேகம் அதுதான். அந்த வேகத்தில் 4 டெராபைட் முடிய 46 நாள் ஆகும். குறைந்தபட்ச வரம்பை உயர்த்தினால் சரியாகிவிடும். ‘பெண்டிங்’ என்று காட்டினால் மிரர் வாசிப்பு மட்டும் நிலையில் இருக்கிறது. எழுதும் நிலைக்கு மாற்றினால் தானாகக் கிளம்பும்.

உண்மையான சிக்கல் மூன்றாவது வகை. மிச்சமிருக்கும் ஒரே நல்ல டிஸ்க்கில் சில செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) வாசிக்க வராமல் போயிருக்கும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அந்த இடத்தையே நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப முயலும். கர்னலோ 30 நொடிக்கு மேல் பொறுக்காமல் இணைப்பை ரீசெட் செய்யும். இந்த இழுபறியில் எல்லாம் உறைந்து நிற்கும். டிஸ்க் ஏற்றுக்கொண்டால் பிழை மீட்பு நேரத்தை 7 நொடியாகக் குறைக்கலாம். இல்லையென்றால் கர்னலின் காத்திருப்பை 180 நொடியாக ஏற்றலாம். பல டிஸ்க்குகளில் இந்த 7 நொடி அமைப்பு மின்சாரம் போனால் போய்விடும், அதனால் ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி வைக்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிவு செய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 197-ஆம் வரியின் எண்ணிக்கை ஏறினால் செக்டர் கோளாறு, 199 ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். இதுவரை சொன்ன டிஸ்க் விவகாரம் இரண்டு முறைக்கும் பொது.

பிரிவது இதற்கு அடுத்த படியில். எந்த செக்டரில் என்ன இருக்கிறது என்று எம்டிஏடிஎம்முக்குத் தெரியாது. 4 டெராபைட்டில் 600 ஜிகாபைட்தான் நிரம்பியிருந்தாலும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அத்தனையும் வாசிக்கும். காலி இடத்தில் இருக்கும் கெட்ட செக்டர்கூட ரீபில்டை நிறுத்திவிடலாம். புதிய டிஸ்க் மிரரில் சேராமல் ஸ்பேராகவே உட்கார்ந்திருக்கும். லாகில் கிடைப்பது ஒரு செக்டர் எண் மட்டும். அது எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்க பார்டிஷன் தொடக்கத்தைக் கழித்து, மிரரின் டேட்டா ஆஃப்செட்டைக் கழித்து, பிளாக் அளவால் வகுத்து, டீபக்எஃப்எஸ் என்ற கருவியில் தேட வேண்டும். நடுவில் டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் எல்விஎம் இருந்தால் இன்னொரு கணக்கு. போனது பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவா, பழைய டவுன்லோடா என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போடுவது எவ்வளவு பதற்றம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

இசட்எஃப்எஸ் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டுமே படிக்கிறது, ஒவ்வொன்றையும் செக்சம் (தரவு மாறவில்லை என்று காட்டும் கணக்கு எண்) வைத்துச் சரிபார்க்கிறது. காலி இடத்து செக்டரை அது தொடுவதே இல்லை. ஒரு கோப்பில் அடி விழுந்திருந்தால் மற்றதையெல்லாம் பிரதியெடுத்துவிட்டு, அந்தக் கோப்பின் முழுப் பாதையையும் ஸ்டேட்டஸில் எழுதிக் காட்டும். அதை அழித்து, பேக்கப்பிலிருந்து திரும்பப் போட்டு, ஒரு ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினால் பொதுவாகப் பட்டியலிலிருந்து போய்விடும், சில நேரம் இரண்டாவது ஸ்க்ரப் தேவைப்படும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இசட்எஃப்எஸ்ஸுக்கும் குறை உண்டு. உரிமச் சிக்கலால் அது லினக்ஸ் கர்னலோடு வருவதில்லை; சில விநியோகங்களில் கர்னல் புதுப்பித்ததும் இசட்எஃப்எஸ் மாட்யூல் பின்தங்கும். உபுண்டுவில் இந்தத் தொல்லை குறைவு. எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்) டிஸ்க்கில் ரீபில்ட் ஊர்ந்துதான் போகும், வாங்கும்போதே சிஎம்ஆரா (தடங்கள் படியாத வகையா) என்று பாருங்கள். ஏறக்குறைய நிரம்பி, துண்டு துண்டாகிப்போன பூலில் (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பில்) எம்டிஏடிஎம்மே முந்தக்கூடும். என் பூல் அவ்வளவு நிரம்பியதில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் செக்சம் வைக்கிறது, ஆனால் அதைச் சோதனைக்கு மட்டுமே ஓட்டியிருக்கிறேன்.

எம்டிஏடிஎம்மின் பலம், பாதி மிரரைக் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் திறக்கும் என்பது. அதிலேயே இருப்பவர்கள் மாதாந்திர செக்கை (முழு வாசிப்புச் சோதனையை) நிறுத்தாதீர்கள். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு அது தானாக ஓடும். இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருக்கும்போதே கெட்ட செக்டரைக் கண்டுபிடித்து மற்றதிலிருந்து சரிசெய்துவிடும்.

எம்டிஏடிஎம் ரீபில்ட் ஏற்கெனவே நின்றுபோயிருந்தால் திரும்பத் திரும்ப ரீபூட் செய்ய வேண்டாம். மிரர் இன்னும் மவுண்ட் ஆகும், முக்கியமான கோப்புகளை முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். அப்புறம் மிரரை நிறுத்தி, கெட்ட டிஸ்க்கிலிருந்தும் பிரதியெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவி கொண்டு பழைய டிஸ்க்கை அதே அளவோ பெரியதோ ஆன புதிய டிஸ்க்கில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியை வைத்து மிரரைக் கிளப்புங்கள். கிளப்பும் முன் பழைய டிஸ்க்கை மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டிலும் அடையாள எண் ஒன்றே என்பதால் கர்னல் தவறானதை எடுத்துக்கொள்ளக்கூடும்.